கேட்டில் செருகிய வேப்பிலை

வீட்டிலேயே பெரிய நாய்களை ஈன வைத்து வளர்க்கும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறீர்கள். வந்து உட்கார்ந்ததும், "சார், கிரேட் டேனுக்கு என்ன தீனி போடுவீங்க?" என்று கேட்கிறீர்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "யார் யார் வந்தா கேட்டைத் திறக்காம இருக்க உங்களுக்கு தைரியம் உண்டு?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஆள் எப்போதும் இப்படித்தான், விளையாட்டுப் பேச்சு என்று உங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்கிறீர்கள். பரவாயில்லை, அந்தப் பெயரை நான் உழைத்துச் சம்பாதித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் ஒருநாளும் விளையாட்டாகக் கேட்டதில்லை. ஏன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் இந்த வேலையை விட்டுவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இணை சேர்ப்பதற்கு முன் நாயின் இடுப்பை எக்ஸ்ரே எடுங்கள், இதயத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்று தாம்பரம் முழுக்கப் பாடம் நடத்தியவன், தன் இடுப்பை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. அது ஒருநாள், தண்ணீர்த் தொட்டியை நகர்த்தும்போது, தன் கருத்தைத் தெரிவித்துவிட்டது. அவசரத்துக்குத் தன் நாயைத் தூக்கிக் காரில் வைக்க முடியாதவன் பெரிய நாய் வளர்க்கக்கூடாது என்பது நானே போட்ட சட்டம். சட்டம் போட்டவனையே பிடித்துக்கொண்டது.

மற்ற சட்டங்களை டாக்டர்களே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். தாய் நாயை ஓரிரு ஈற்றோடு விட்டுவிடுங்கள். குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள். விலா எலும்பு லேசாகத் தெரியட்டும், பக்கத்து வீட்டார் உங்களைக் கஞ்சன் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், கால் எலும்பு வளையாமல் இருந்தால் போதும். கொடுத்த குட்டியை வளர்க்க முடியவில்லை என்று யார் எப்போது வந்து நின்றாலும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இவை எல்லாமே எளிது. கடினமானது கேட்.

எங்கள் வீடு மாடம்பாக்கம் பக்கம், சாதாரண காலனி வீடு. முன்னால் கம்பி கேட், பக்கவாட்டில் கொஞ்சம் சிமெண்ட் தரை. என் மனைவி வசந்தா பள்ளி ஆசிரியை. எங்கள் தாய் நாய்க்குப் பெயர் சிட்டு. மடியில் அடங்கும் அளவில் வந்தபோது வைத்த பெயர். வளர்ந்த பிறகு அவள் ஹாலில் எழுந்து நின்றால் எங்களுக்கு டிவி தெரியாது. அவளுடைய கடைசி ஈற்றில் ஏழு குட்டிகள். நான் சொல்லப்போகும் சமயத்தில் குட்டிகளுக்கு ஆறு வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அது மோசமான வயது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இறங்கிக்கொண்டிருக்கும். தடுப்பூசியின் சக்தி இன்னும் ஏறியிருக்காது. பார்வோ என்னும் குடல் நோய் காத்திருப்பது அந்த இடைவெளிக்குத்தான். ஒரு குட்டிக்கு வந்தால் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வரும். நான் கேட்டருகே பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டு வைத்து, வசந்தாவைக்கூட அதில் கால் நனைத்த பிறகே உள்ளே விட்டேன். அவள் தன் பள்ளியில் பிள்ளைகளிடம் இவ்வளவு கெடுபிடி பண்ணியதில்லை.

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்காவுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு. அவள் வீட்டுக்காரர், எனக்கு மாமா, அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒரே பெண் கயல். நான் கயலுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் அந்தப் பதவி காதுகுத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதில் ஆரம்பித்து, கல்யாணத்தன்று மாலை எடுத்துக் கொடுத்து மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போவதில் முடியும். காதுகுத்தலில் குழந்தையைவிட நான்தான் அதிகமாக அழுதேன், அதற்குப் புகைப்பட ஆதாரம் இருக்கிறது. மிச்சமிருந்த இன்னொரு வேலைக்காக இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்தேன்.

"டேய், பத்திரிகை வந்துடுச்சு," என்றாள் அக்கா. "மொதல் பத்திரிகை நரசிம்மருக்கு வச்சாச்சு. அடுத்தது உனக்கு. ஞாயித்துக்கெழம மாமாவும் நானும் வர்றோம்."

"வாக்கா, வா."

"அலைஞ்சி அலைஞ்சி ஒடம்பே ஓஞ்சி போச்சுடா. இதுல டைகர் வேற போயிடுச்சு."

டைகர் அவர்கள் வீட்டு நாய்க்குட்டி. யாரோ கடை வாசலில் விட்டுவிட்டுப் போனது.

"என்னாச்சு?"

"வாந்தி. அப்புறம் ரத்தமாப் போச்சு. பார்வோன்னாரு டாக்டரு. கல்யாண வூட்ல அதப் பத்திப் பேசக்கூடாதுன்னுட்டாரு மாமா. சரி விடு."

விடு என்றாள், விட்டுவிட்டேன். என் காதில் பார்வோ என்ற அந்த ஒரே ஒரு சொல்தான் நின்றது. போனை வைத்த கையோடு எங்கள் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டேன். இளம் வயதுப் பெண், கெட்டிக்காரி.

"செருப்பு, கால், புடவை ஓரம், எதுல வேணா வரும் சார்," என்றார். "அந்த வீட்டு மண்ணுல மாசக்கணக்கா இருக்கும். ஊசியெல்லாம் முடியற வரைக்கும் அங்கருந்து யாரையும் உள்ள விடாதீங்க."

"எங்கக்கா, டாக்டர். கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றாங்க."

"வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்களேன்."

தாய்மாமனுக்கு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிய குடும்பம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னும் உருவாகவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு வீட்டுக்குள் வந்து, கிழக்கே பார்த்து நிற்க வைத்து, கையில் கொடுப்பார்கள். வாங்க என்று சொல்லாத வீட்டில் பத்திரிகை வைக்க முடியாது.

"அக்காகிட்ட உள்ளதச் சொல்லிடுங்க," என்றாள் வசந்தா.

"அக்காகிட்ட சொல்லலாம். மாமாகிட்ட?"

மாமாவுக்கும் சிட்டுவுக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. ஒரு பொங்கலுக்கு அவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றபோது சிட்டு அன்போடு தலையை உதறினாள். கிரேட் டேன் தலையை உதறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்சில் அவர் சட்டையில் மட்டுமில்லை, மேலே மின்விசிறியிலும் இருந்தது. அன்றிலிருந்து, "உங்க வூட்ல நாய்க்கு அப்புறம்தானப்பா மனுஷன்," என்று எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விடமாட்டார். அப்படிப்பட்டவர் பத்திரிகைத் தட்டோடு வந்து நிற்கும்போது, உங்கள் காலில் நோய் இருக்கிறது, தெருவிலேயே நில்லுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். இதுவரை என் தீர்மானம் சரி. குட்டிகளுக்காக கேட்டை மூட வேண்டும், அதில் மறு பேச்சில்லை. அதை எந்த வாயால் மூடுவது என்பதில்தான் எனக்குப் பயம். பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். என் அனுபவத்தில் அது மிக நன்றாக வேலை செய்யும். தப்பான பக்கம் செய்யும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை தெருமுனை வேப்பமரத்தில் இரண்டு கொத்து ஒடித்து வந்து கேட்டின் இரண்டு பக்கமும் செருகினேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு போன் செய்தேன்.

"அக்கா, வீட்ல அம்மை போட்டிருக்கு."

"ஐயையோ, வசந்தாவுக்கா?"

அடுப்படியிலிருந்து வசந்தா கரண்டியை ஆட்டினாள். இந்தக் கூத்தில் தன் பெயர் வரக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"இல்லக்கா. எனக்கு."

"உனக்குத்தான் சின்னதுலயே போட்டுடுச்சே. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாதானடா போட்டுது."

அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

"திரும்பியும் போட்டிருக்குக்கா."

"திரும்பியுமா," என்றாள் அக்கா. அந்தக் குரலை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வேப்பிலை வேலை செய்தது. நாய்கள் ஜாக்கிரதை என்ற பலகைக்கு ஒதுங்காத ஊர் இரண்டு கொத்து வேப்பிலைக்கு ஒதுங்கியது. கூரியர் ஆள் பார்சலைச் சுவரோரம் வைத்துவிட்டு அங்கிருந்தே கும்பிட்டான். குட்டி பார்க்க வருகிறேன் என்று தொல்லை கொடுத்தவர்கள் அடங்கினார்கள். முதல் நாள் முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டில் தனலட்சுமி அம்மா. எங்கள் தெருவில் பாதி மனை ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். அந்த அம்மா காம்பவுண்டுச் சுவரில் ஒரு சொம்பு மோர் வைத்துவிட்டு, எட்ட நின்று குரல் கொடுத்தார். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் மறைவில் நின்றேன்.

"இன்னா சார், முத்து எறங்குதா?"

"எறங்கிக்கினே இருக்கும்மா."

"பேஜாரா கீதுன்னு சொறிஞ்சிடாத. நாங்களும் வூட்ல எண்ண சட்டி வைக்கல சார். எதிர்ல ஆத்தா வந்து எறங்கிக்கீறா, நாம வடை சுட்டுக்கினு குந்தினுகீறதா?"

அந்த மோரை நான் குடிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

மூன்றாவது நாள் பிரச்சினை சமையலறைக்குள் வந்தது. குட்டிகளுக்கு வேகவைத்த கோழியும் சோறும் பிசைந்து பழக்கியிருந்தோம். தனலட்சுமி அம்மா வசந்தாவை மட்டும் கூப்பிட்டு, "உங்க வூட்டாண்டயிருந்து கறி வாசன வந்துச்சும்மா. அம்மை போட்ட வூட்ல கறி ஆக்கக்கூடாதும்மா," என்று மெதுவாகச் சொன்னாராம். நான் அலறிப்போய்க் கோழியை நிறுத்தி, ஒரே வேளையில் தயிர்ச் சோற்றுக்கு மாற்றினேன். தீனியை மாற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும் என்பதை உங்களுக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை நான்கு குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு.

அன்று காலை நான் செய்ததையெல்லாம் மறைக்காமல் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரை எடுத்து முதலில் எனக்கே வைத்தேன். குட்டிகளை எண்ணினேன், ஆறு வந்தது, மறுபடி எண்ணினேன், அப்போதும் ஆறு. ஏழாவது என் கையில் இருந்தது. கழிவைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புவதாக நினைத்துக் குடியிருப்போர் சங்கத்துக் குழுவுக்கு அனுப்பினேன். அம்மையோடு வயிறும் சேர்ந்து படுத்துகிறது போலும், விரைவில் நலம் பெற வேண்டுகிறோம் என்று செயலாளர் பதில் போட்டார். வசந்தாதான் போனைப் பிடுங்கி டாக்டரை நேரில் வரச் சொன்னாள்.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். கேட்டைத் திறக்கக் கை வைத்தவர், வேப்பிலையைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"சார், வீட்ல அம்மையா? எனக்குக் கைக்குழந்தை இருக்கு. நான் உள்ள வரமுடியாது."

உள்ளே நான்கு குட்டிகள் சுருண்டு கிடக்கின்றன. வாசலில் டாக்டர் திரும்பிப் போகிறார். ஓடிப்போய் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர் வீட்டுக்குக் கேட்காதபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் தட்டில் கால் வைத்து உள்ளே வந்தார். ஒவ்வொரு குட்டியாகச் சோதித்தார்.

"பார்வோ இல்ல. சாப்பாட்ட மாத்தினீங்களா?"

"மாத்தினேன்."

"ஏன்?"

வசந்தா சொன்னாள்.

"குட்டிங்களைக் காப்பாத்த வேப்பிலை கட்டினீங்க," என்றார் டாக்டர், பையை மூடியபடி. "இப்ப வேப்பிலையைக் காப்பாத்த குட்டிங்க வயித்தைக் கெடுத்திருக்கீங்க. இன்னைக்கே கழட்டிடுங்க சார்."

கழற்றிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். அன்று மாலை மாமா போன் செய்தார்.

"ஒடம்பு எப்பிடியிருக்கு?" என்றார். என் உடம்பைப் பற்றி அவர் விசாரித்து நான் கேட்டதே இல்லை. "பெரியவங்கள்லாம் உக்காந்து பேசினோம். அம்மை போட்ட வூட்டுலருந்து மணவறைக்கு வரக்கூடாதுன்றாங்க. மாலை எடுத்துக் குடுக்க படப்பைல உங்க பெரியப்பா பையன்கிட்ட சொல்லிட்டோம். நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத. ஒடம்பப் பாத்துக்க."

நாய், மனிதன் என்று ஒரு குத்தல்கூட இல்லை. நல்லவராகப் பேசினார். அவரோடு சண்டை போட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நல்ல மனிதரிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அக்கா எங்க மாமா?"

"அவ கோயிலுக்குப் போயிருக்கா. ரெண்டாந்தரம் போட்டா சும்மா விடக்கூடாதுன்னு உனக்காக வேண்டிக்கினு, காலுக்குச் செருப்பு போடாம நடக்கறா. கல்யாண வேலைய வச்சிக்கினு. சொன்னா கேக்கறாளா?"

நான் போனை வைத்துவிட்டு வேப்பிலையைப் பார்த்தேன். வாடத் தொடங்கியிருந்தது. காலையில் முதல் வேலையாக சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பேசி உண்மையைச் சொல்வது, வேப்பிலையை எடுப்பது என்று வசந்தாவிடம் சத்தியம் செய்தேன். காலையில் முதல் வேலை என்று தள்ளிப்போடப்படும் உண்மைகள் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்திருக்கின்றன.

மறுநாள் வெயில் ஏறியதும், தெளிந்திருந்த குட்டிகளைச் சிமெண்ட் தரையில் விட்டுவிட்டு, அரை டிராயரோடு வெற்று மார்பில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அக்கா நின்றாள். கையில் ஒயர் கூடை, அதில் இளநீர். மேலே புதிதாக ஒடித்த வேப்பங்கொத்து. வெறுங்கால். ரயிலில் தாம்பரம் வந்து, ஷேர் ஆட்டோ ஏறி, மெயின் ரோட்டிலிருந்து தாரில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். ஊரையெல்லாம் நிறுத்திய வேப்பிலை, யாரை நிறுத்தக் கட்டினேனோ அவளை மட்டும் வரவழைத்துவிட்டது.

புதுக் குரல் கேட்டால் அந்த வயதுக் குட்டிகள் என்ன செய்யும்? ஏழும் கேட்டை நோக்கி ஓடின. எங்கள் கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. அந்தப் பக்கம் அக்காவின் கால். குனிந்து அள்ள என் இடுப்பு இடம் தரவில்லை. யோசித்துப் பேச நேரமில்லை.

"அக்கா, வராத. பின்னால போ. ரோட்டுக்குப் போயிடு."

"எனக்கு ஒண்ணும் ஆவாதுடா, எனக்குப் போட்டுடுச்சே. ஊரே ஒதுங்கினாலும் அக்கா ஒதுங்க முடியுமா?"

"எனக்கு அம்மை இல்லக்கா. டைகருக்கு வந்த நோயி உன் கால்ல இருக்கும். குட்டிங்க செத்துடும். போக்கா."

அதைவிட மோசமாகச் சொல்ல முடியாது. சொன்னேன்.

அக்கா ஒரு நொடி நின்றாள். என் வெற்று மார்பைப் பார்த்தாள். அதில் கொசு கடித்த தடிப்பைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, கூடையோடு விறுவிறுவென்று பின்னால் நடந்து தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். வசந்தா துணிக்கூடையோடு ஓடி வந்து குட்டிகளை அள்ளினாள். சிட்டு மட்டும் கேட்டின் மேல் தலையை நீட்டி வாலை ஆட்டினாள். அக்காவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பழக்கத்தில் கையைத் தூக்கிய அக்கா, உடனே அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பிறகு அக்கா எதிரே தனலட்சுமி அம்மாவின் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். நடுவில் தெரு.

"பொய்யாடா அம்மை?"

"பொய்தான்க்கா."

"நான் வரக்கூடாதுன்னா?"

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"என் மடிலதான்டா போச்சு டைகரு," என்றாள். "தொடச்சித் தொடச்சி எடுத்தேன், நிக்கவே இல்ல. பந்தக்கால் நடற வூட்ல அழாதன்னுட்டாங்க. யார்கிட்டயும் சொல்ல முடியல. உன்கிட்ட சொன்னேன். நாய் வளக்கறவன், உனக்குத் தெரியும்னு சொன்னேன். நீயும் ஒண்ணும் கேக்கல."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது.

"வராதக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரோட்டோட நின்னு வச்சிட்டுப் போயிருப்பேன். ரத்தமாப் போறதப் பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். எனக்கா புரியாது?" கொஞ்சம் கழித்து, "எத்தினி குட்டி?" என்றாள்.

"ஏழு."

"காட்டு. இங்கருந்தே பாக்கறேன்."

வசந்தா கூடையிலிருந்து எடுத்துத் தர, ஒவ்வொரு குட்டியாக நான் கேட்டுக்கு மேலே தூக்கிக் காட்டினேன். ஆறு வார கிரேட் டேன் குட்டி ஒரு சின்ன அரிசி மூட்டை. அக்கா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் முகம், வயிறு, கால் என்று முழுசாகப் பார்த்துவிட்டு, போதும் என்று தலையாட்டிய பிறகே அடுத்ததைத் தூக்கினேன். கடைசிக் குட்டி கொட்டாவி விட்டது. அதைப் பார்த்ததும் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டைகர் போனதிலிருந்து அழாத அழுகை. போய்ப் பக்கத்தில் உட்காரவும் முடியாத இடத்தில் நான் என்னை நிறுத்தியிருந்தேன்.

தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்த தனலட்சுமி அம்மா அக்காவையும் என் வெற்று மார்பையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்போ ஆத்தா வரலியா சார்?"

"இல்லம்மா."

"நாங்க எண்ண சட்டி வைக்காம கெடந்தது?"

அந்த அம்மா தெருவைக் கடந்து வந்து, என் கேட்டிலிருந்து இரண்டு கொத்தையும் தன் கையாலேயே உருவினார். "இத நீ தொடாத சார். நான் மரத்தடியில சேத்துக்கறேன். ஆத்தாகிட்ட நீயே பேசிக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். என்னோடு பழையபடி பேச அவருக்கு ரொம்ப நாளாயிற்று.

"மாமாகிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றாள் அக்கா எழுந்துகொண்டே. "நீயே சொல்லு."

சொன்னேன். மாமா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாய்க்குட்டிக்காக வராதன்னு சொல்லியிருந்தா உன்னக் கண்டபடி திட்டியிருப்பேன்," என்றார். "திட்டிட்டு, ரோட்ல நின்னு பத்திரிகை வச்சிட்டுப் போயிருப்பேன். நாய்கிட்ட போயா நான் கோவிச்சிக்கப் போறேன்? ஆத்தா பேரச் சொன்ன பாரு. அந்தக் கையால எம் பொண்ணுக்கு மால வேணாம்பா. கல்யாணத்துக்கு வா, சாப்புடு. படப்பைல சொன்னது சொன்னதுதான்."

நான் வாதாடவில்லை. வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்க ஒரு வரிகூட என்னிடம் இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

தம்பிகளே, தங்கைகளே, கேட்டை மூடியதற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. நீங்களும் மூடுங்கள். அக்கா வந்தாலும், அமைச்சர் வந்தாலும், முன்பணம் கொடுத்தவர் வந்தாலும் மூடுங்கள். ஆனால் மூடும்போது வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லுங்கள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திட்டு ஆறிவிடும். பொய்க்குக் காவல் நிற்க ஆரம்பித்தால், குட்டிகளுக்குக் காவல் நிற்க உங்களிடம் ஆள் இருக்காது. இன்னொன்று, இது எந்த டாக்டரும் சொல்லித் தராதது: யாராவது தங்கள் நாய் செத்துவிட்டது என்று சொன்னால், உங்கள் குட்டிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த நாயைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நோய் பெயரைக் கேட்டு வையுங்கள், வேண்டியதுதான். ஆனால் முதல் கேள்வி அதுவாக இருக்க வேண்டாம்.

கல்யாணம் கூடுவாஞ்சேரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குட்டிகளுக்கு இன்னும் ஓர் ஊசி பாக்கி இருந்தது. திரும்பி வந்ததும் வெளிக் குழாயில் குளித்துத் துணி மாற்ற எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனோம். நானும் வசந்தாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். பெரியப்பா பையன் பட்டு வேட்டியில் கயலைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான். நன்றாகத்தான் செய்தான். கயல் ஒருமுறை தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினாள். நான் கையைத் தூக்கினேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

தாலி கட்டும் நேரத்துக்கு முன்னால் அக்கா அட்சதைத் தட்டோடு வரிசை வரிசையாக வந்தாள். என்னிடம் வந்ததும் நின்றாள்.

"குட்டிங்க?"

"ஏழும் இருக்குக்கா."

தலையாட்டினாள். ஒரு பிடி அட்சதையை எடுத்தாள். நான் இரண்டு கையையும் ஏந்தினேன். அன்று முதுகுக்குப் பின்னால் மறைத்த அதே கையின் விரல் என் கையில் பட்டுவிடாதபடி, உயரத்திலிருந்து அதைப் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.